ஹீட்டரை அணைத்துவிட்டு

மேற்கு சிகாகோ, பிப்ரவரி.
சைலன்சர் மாற்றும் கடைக்குப் பின்னால் என் ஸ்டுடியோ.
ஹீட்டர் ஓடினால் அதன் இருமல் டேப்பில் விழும்.
அணைத்துவிட்டேன்.
ஓர்லிஸ் பெட்வே கோட்டைக் கழற்றவில்லை.
நுனி வெட்டிய கையுறைக்குள்ளிருந்து
அவன் விரல்கள் மட்டும் வெளியே வந்து
வேலை பார்த்தன.

ஆம்ப்ளிஃபயர் அடகுக் கடையில் எடுத்தது.
உள்ளே ஒரு வண்டு குடியிருப்பதுபோல் ரீங்காரம்.
ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தோம்,
குழாய் விளக்கை அணைத்துப் பார்த்தோம்.
டிரம்மர் டெல்வின் வைத்திருந்த மீன் கெட்டதுதான் மிச்சம்.
கடைசியில் ஓர்லிஸ் அந்த ரீங்காரத்துக்கே
ஆறு தந்தியையும் முறுக்கிச் சுருதி சேர்த்தான்.
"இனி அது சத்தமில்லை, டனுட்டா.
நம் ஆள்."

பேஸ் வாசிக்க வெர்னாதான் வேண்டும் என்றான்.
அவள் இருக்கிற அறையில் நான் இருக்க மாட்டேன் என்றும் சொன்னான்.
வெர்னாவுக்குப் போன் போட்டேன்.
வாசிக்கிறேன்,
அவன் இருக்கிற அறையில் நான் இருக்க மாட்டேன்
என்றாள்.
விவாகரத்தாகிப் பதினோரு வருடம்.
இன்னும் ஒரே வாக்கியத்தை
இரண்டு பேரும் பேசுகிறார்கள்.

ஆகவே புதன்வரை அவன்.
வியாழன் இரவு, பஸ் டிப்போவில் சாவியை ஒப்படைத்துவிட்டு
ஓட்டுநர் சீருடையிலேயே அவள்.

ஏழாவது பாட்டு.
பன்னிரண்டு ஆவர்த்தம் சுற்றி வரும் ப்ளூஸில்
மூன்றாம் சுற்றின் நடுவே
நான்கு ஆவர்த்தத்தைக் காலியாக விட்டிருந்தான் ஓர்லிஸ்.
தந்தியைத் தொடவில்லை.
நாற்காலி முனகுவது கேட்கிறது,
பிறகு யாரோ மூச்சு விடுவது
(அது நான்தான், மன்னிக்கவும்).

ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெர்னா கேட்டாள்.
முதல் தடவை அந்த இடத்தை நிறைத்து வாசித்தாள்.
நல்ல வாசிப்பு.
அழி என்றாள்.

இரண்டாம் தடவை
உள்ளங்கையால் தந்திகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்,
வளைவில் பிரேக்கை மிதித்தபடி
கிழவி ஒருத்தி சாலையைக் கடக்கட்டும் என்று
பஸ்ஸை நிறுத்தி வைத்திருப்பவள்போல.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவதின் கடைசித் தட்டில்
கீழிருந்து வழுக்கி ஏறும் ஒற்றைச் சுரம்.
அவன் கிட்டார் அதன்மேல் வந்து உட்கார்ந்தது.
மூன்று நாள் முன்பே பதிவான கிட்டார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது.
குளிராகவும் இருக்கலாம்.

காரை அடமானம் வைத்து ஐந்நூறு தட்டு அச்சடித்தான்.
ஏப்ரலில் பெட்டிகள் வந்தன.
உறையின் முதுகில் அவன் பேரில் ஓர் எழுத்தைக் காணோம்.
திருப்பி அனுப்பப் பணமில்லை.
என் தரையில் சம்மணமிட்டு
வெள்ளை மையால் ஒவ்வொன்றிலும்
அந்த எழுத்தை நுழைத்தான்.
இருநூறுக்குப் பிறகு கை நடுங்கியது;
பிந்தியவை வேறு யாருடைய பேரோ போலிருக்கின்றன.

வெளியீடு செவ்வாய்க்கிழமை, லூட்டியின் பாரில்.
வார நாள் என்றால்தான் மேடை இலவசம்.
முப்பத்தொன்று விற்றன.
வாங்கியவர்களில் ஒருவரிடம்
தட்டு சுழற்றும் பெட்டியே கிடையாது;
உறையிலிருக்கும் நாயைப் பிடித்துவிட்டதாம்.
வெர்னா வரவில்லை.
இரவு ஷிப்ட் என்று டெல்வின் சொன்னான்.
யாரும் அவனைக் கேட்கவில்லை.

விடியற்காலை இரண்டு மணிக்குப் போன்.
"இப்போதுதான் முழுதாகக் கேட்டேன்."
"சரி."
"ஏழாவது பாட்டில் அந்த ஒரு சுரம்.
கொஞ்சம் ஏற்றி வைக்க முடியுமா?"
"அச்சாகிவிட்டது, ஓர்லிஸ்."
வெகுநேரம் பேச்சில்லை.
பின்னணியில் ஊசி
தட்டின் கடைசி வரியில் உரசிக்கொண்டிருந்தது.
"அவள் ஏன் அவ்வளவு நேரம் காத்திருந்தாள்?"
"அவளிடம் கேள்."

வைத்துவிட்டான்.
அவளுடைய இரண்டு பிரதிகள்
இன்னும் என் மேசையில் இருக்கின்றன.
இரண்டும் நடுக்கத்துக்கு முன் எழுதியவை.

எழுந்துபோய் ஹீட்டரைப் போட்டேன்.
இருமத் தொடங்கியது.